எடை மெஷினை மேசைக்கு அடியில் தள்ளிவைத்தேன்: உணவுக் கோளாறு தெரபியில் நாம் எதைச் செய்யாமல் விடுகிறோம்?

தாழைமடல் | செவ்வாய், இரவு 10:40

கோவையில் ஆறு வருடமாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, இல்லாவிட்டால் கணவன் மனைவி பிரச்சினை. உணவுக் கோளாறோடு வந்தவர்கள் இதுவரை நான்கே பேர். அந்த நான்காவது ஆளைப் பற்றி எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கே எழுத அவரிடம் அனுமதியும் வாங்கினேன்.

கல்லூரி மாணவி. புலிமியா. பகல் முழுக்கப் பட்டினி கிடப்பார். ராத்திரி ஹாஸ்டல் அறையில் கையில் கிடைத்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு வாந்தி எடுப்பார். பதினான்கு வாரம் பார்த்தோம். அப்பாவைப் பற்றிப் பேசினோம், பள்ளியில் வைத்த பட்டப்பெயரைப் பற்றிப் பேசினோம். அவர் அழுதார், ஒருமுறை எனக்கும் கண் கலங்கியது. நல்ல உறவு அமைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது வாரம் அவரே கேட்டார்: "மேடம், உங்ககிட்ட வந்தா மனசு லேசாகுது. ஆனா வாந்தி எடுக்கிறது மொத நாள் எத்தனை தடவையோ அதே கணக்குதான் இன்னைக்கும். இது எப்ப நிக்கும்?"

அன்று வீட்டுக்கு வந்து பழைய எம்.ஃபில். குறிப்புகளைத் தேடி எடுத்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் உணவுக் கோளாறுக்காக உருவாக்கிய சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் தெரபி) முறையில் முதல் சில வாரங்களில் என்ன செய்ய வேண்டும் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை தெரபிஸ்ட்டும் அவரும் சேர்ந்து எடை பார்க்க வேண்டும். சாப்பிட்டதை அந்தந்த நேரத்திலேயே எழுதிவர வேண்டும். மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிறுதீனி, எல்லாம் நேரம் வைத்து. இதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. எடை மெஷின் அறையில்தான் இருந்தது. அவர் கண்ணில் படக் கூடாதென்று மேசைக்கு அடியில் தள்ளிவைத்தவள் நான்தான்.

எடை பார்த்தால் உடைந்துபோவார், என் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும், அடுத்த வாரம் வர மாட்டார். இவைதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். இப்போது யோசித்தால் பயந்தது நான்தான் என்று தோன்றுகிறது. இங்கே உணவுக் கோளாறு பார்ப்பவர்கள் எடை பார்க்கிறீர்களா? யாராவது பக்கத்தில் நின்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா?

---

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 11:05

இந்த இழையில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொந்த எடை, கலோரிக் கணக்கு, எத்தனை நாள் பட்டினி, எப்படி வாந்தி எடுத்தேன் போன்றவற்றை எழுத வேண்டாம். நோயோடு போராடுகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட வரிகள் இருந்தால் நீக்குவேன், கோபிக்காதீர்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம்.

---

ஆவணக்காரன் | புதன், காலை 6:50

தாழைமடல், நீங்கள் தனி ஆள் இல்லை. நான் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

கிளென் வாலர் என்ற இங்கிலாந்து உளவியலாளர் 2009இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் 'தெரபிஸ்ட் தடம் விலகுதல்' என்று சொல்லலாம். நிரூபணமான சிகிச்சை கையில் இருக்கும். அதைத்தான் செய்கிறேன் என்று தெரபிஸ்ட் மனதார நம்புவார். ஆனால் கடினமான பகுதி வரும்போதெல்லாம் பேச்சு வேறு பக்கம் நகர்ந்துவிடும். 2012இல் அவரும் சகாக்களும், உணவுக் கோளாறுக்குச் சிபிடி செய்வதாகச் சொல்லும் 80 தெரபிஸ்ட்டுகளிடம் உண்மையில் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். அடிப்படையான உத்திகளையே பலர் முறையாகச் செய்வதில்லை. வாராவாரம் எடை பார்ப்பதும் அப்படி விடுபட்டவற்றில் ஒன்று. தெரபிஸ்ட்டுக்குப் பதற்றம் கூடக்கூட, செய்வது குறைந்தது. நீங்கள் "பயந்தது நான்தான்" என்று எழுதிய இடத்தில் அந்த ஆய்வுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எடை எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். புலிமியா உள்ளவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்: "காலையில் இரண்டு தோசை முழுசாகச் சாப்பிட்டால் இந்த வாரமே குண்டாகிவிடுவேன்." பேசிப் பேசி அந்தக் கணக்கை மாற்ற முடியாது. இந்த வாரம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று முதலில் அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு பார்க்க வேண்டும், வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு வாரப் புள்ளிக்கு அர்த்தம் கிடையாது, தண்ணீர், மாதவிடாய், மலச்சிக்கல் எல்லாம் அதில் இருக்கும். நான்கு வாரத்துக் கோட்டைப் பார்க்கும்போதுதான் தன் கணக்கு தப்பென்று அவர் கண்ணாலேயே காண்பார். வீட்டில் தினம் பத்து தடவை மெஷினில் ஏறுவதை நிறுத்தவும் இந்த ஒரு வாராந்திர எடை உதவும்.

"உறவு நன்றாக இருந்தது, நோய் நகரவில்லை" என்கிற உங்கள் அனுபவத்துக்குக் கோபன்ஹேகனில் ஓர் ஆய்வு இருக்கிறது. 2014இல் வெளியானது. புலிமியா உள்ள 70 பேர். ஒரு பாதிக்கு வாரம் ஒருமுறை வீதம் இரண்டு வருடம் உளப்பகுப்பாய்வு (ஆழ்மனதைப் பேசி ஆராயும்) வழி தெரபி. இன்னொரு பாதிக்கு ஐந்து மாதத்தில் 20 செஷன் சிபிடி. ஐந்தாவது மாதம் பார்த்தபோது தின்று தீர்ப்பதும் வாந்தியும் முழுக்க நின்றவர்கள் சிபிடியில் 42 சதவீதம், மற்றதில் 6. இரண்டு வருட முடிவில் 44க்கு 15. சிபிடி நின்று ஒன்றரை வருடம் கழித்தும் அந்த 44 நின்றது என்பதைக் கவனியுங்கள். ஆய்வை நடத்தியவர்களே அந்த உளப்பகுப்பாய்வு முறையை வடிவமைத்தவர்கள். தங்களுக்குப் பாதகமான முடிவை மறைக்காமல் அச்சிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையை என் மாணவர்களுக்கு முதலில் கொடுக்கிறேன்.

---

கல்மண்டபம் | புதன், மதியம் 1:15

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆழ்மன நோக்கில் பயிற்சி பெற்றவன். ஆவணக்காரன் தம்பி சொன்ன கோபன்ஹேகன் ஆய்வை நானும் படித்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

ஜெர்மனியில் அனோரெக்ஸியா (சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து மெலிந்துபோகும் நோய்) உள்ள 242 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு, அதுவும் 2014இல்தான் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. குவிமைய ஆழ்மன தெரபி, சிபிடி, மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை, மூன்றையும் ஒப்பிட்டார்கள். சிகிச்சை முடிந்தபோது உடல் எடைக் குறியீட்டில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 56 பெண்களிடம் மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வில், ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்திருந்த எளிய ஆதரவுச் சிகிச்சைதான் சிகிச்சை முடிவில் முன்னால் நின்றது. நோய்க்கு நோய் வித்தியாசம் உண்டு. புலிமியாவில் நிரூபணமானதை எடுத்து எல்லோர் தலையிலும் வைக்கக் கூடாது.

இரண்டாவது சங்கதி எனக்கு இன்னும் முக்கியம். குண்டாகிவிடுவோம் என்ற பயம்தான் இந்த நோயின் மையம் என்று மேற்கத்தியக் கையேடுகள் எழுதிவைத்தன. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் 70 அனோரெக்ஸியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். 41 பேருக்கு அந்தப் பயமே இல்லை. வயிறு உப்பிசம், பசியில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள். நம் ஊரில் என் அறைக்கு வந்தவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. எடை பற்றிய பயமே இல்லாதவரை மெஷினில் ஏற்றி "எவ்வளவு ஏறியிருக்கும் சொல்" என்று கேட்டால், இல்லாத பயத்தை நாமே கையில் கொடுத்தது போலாகாதா?

எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு வரைபடத்துப் புள்ளியாகிவிடுமோ என்பதுதான் என் கவலை.

---

ஆவணக்காரன் | புதன், மாலை 4:30

கல்மண்டபம் சார், ஹாங்காங் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பயமில்லாதவரிடம் பயத்தைச் சோதிக்கும் வேலை பொருந்தாது. அங்கே எடை பார்ப்பது உடல் பாதுகாப்புக்காக மட்டும்.

கிரைஸ்ட்சர்ச் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். அந்த 'எளிய ஆதரவுச் சிகிச்சை'க்குள் என்ன இருந்தது? இயல்பாகச் சாப்பிடத் திரும்புவது, எடையை மீட்பது, உணவு பற்றிய அறிவுரை, இவை ஒவ்வொரு செஷனிலும் உண்டு. மீதி நேரம் நோயாளி விரும்பியதைப் பேசலாம். அதாவது சாப்பாட்டையும் எடையையும் தொடாத சிகிச்சை அங்கே ஜெயிக்கவில்லை. பல வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது மூன்று சிகிச்சைகளுக்கும் இடையிலான வித்தியாசம் மறைந்திருந்தது. பெரியவர்களின் அனோரெக்ஸியாவில் இன்ன முறைதான் சிறந்தது என்று சொல்ல இன்று யாராலும் முடியாது. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் கொடுத்த வழிகாட்டுதலிலும் அதனால்தான் மூன்று முறைகள் சமமாக இருக்கின்றன.

உறவு பற்றியும் ஒரு வார்த்தை. தெரபிஸ்ட்டோடு உள்ள பிணைப்பு முதலில் வரும், பிறகு நோய் குறையும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். உணவுக் கோளாறு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஒரு மறுஆய்வு, வரிசை திரும்பியும் இருக்கலாம் என்று காட்டியது. ஆரம்பத்தில் அறிகுறி குறைந்தவர்களுக்குப் பிணைப்பு பின்னால் வலுவானது. சின்ன வயதினரிடம் மட்டும் பிணைப்பின் பங்கு கொஞ்சம் அதிகம். தாழைமடல் பதினான்கு வாரம் பிணைப்பை வளர்த்துக்கொண்டிருந்தார். முதல் மாதத்தில் வாந்தி பாதியாகக் குறைந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இவர்மேல் நம்பிக்கை எவ்வளவு கூடியிருக்கும்!

---

வைகைக்கரை | புதன், இரவு 9:20

நான் டாக்டரும் இல்ல, தெரபிஸ்ட்டும் இல்ல. ஒரு அம்மா. மதுரை. நீங்க எல்லாரும் எழுதினதைப் படிச்சேன், சிலது புரியல. ஆனா சொல்லியே ஆகணும்.

என் மகளுக்குப் பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சது. முதல்ல வெள்ளிக்கிழமை விரதம். அப்புறம் சஷ்டி, பிரதோஷம், ஏகாதசின்னு வாரத்துல பாதி நாள் விரதமாயிருச்சு. எங்க மாமியாருக்கு ஒரே பெருமை, இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியான்னு. ராத்திரி பால் டம்ளரைக் கையில வாங்கிட்டுப் பின்கட்டுக்குப் போவா, டம்ளர் காலியா திரும்பி வரும். செம்பருத்திச் செடி மூட்டுல வெள்ளையா காஞ்சு கிடந்ததை ஒருநாள் வேலைக்கு வர்ற அக்காதான் எனக்குக் காட்டினாங்க.

நாலு பேர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ஒருத்தர், சாப்பாட்டைப் பத்தி வீட்டுல பேசவே பேசாதீங்க, அவளுக்கு அழுத்தமாயிரும்னாரு. நாங்களும் வாயை மூடிக்கிட்டு அவ தட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ரெண்டே மாசத்துல மாசப்போக்கு நின்னுச்சு. சித்திரை வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. இன்னொருத்தர், அம்மாவோட கண்டிப்புதான் காரணம்னு என் முகத்துக்கு நேரா சொன்னாரு. அந்த வார்த்தைக்கப்புறம் எனக்கு எத்தனையோ ராத்திரி தூக்கமில்ல. ஒருத்தர்கூட அவளை எடை பார்க்கல.

அஞ்சாவதா வேற ஊர்ல ஒருத்தங்களைப் பார்த்தோம். ரெண்டாவது தடவை வரும்போது குடும்பமா சாப்பிட சாப்பாடு கட்டிட்டு வாங்கன்னாங்க. எங்களுக்கு எலுமிச்சஞ்சாதம், உருளைக்கிழங்கு. அவளுக்கு மட்டும் ரெண்டு இட்லி, பொடியில எண்ணெய்கூட ஊத்தாம. ஏன்னா அதுதான் அவ சாப்பிடுவா. அந்தம்மா அதைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "இவ்வளவு மெலிஞ்சுபோன புள்ளைக்கு இது போதும்னு உங்களுக்குத் தோணுதா?" எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. போதாதுன்னு எனக்குத் தெரியாதா? "அப்ப என்ன கொடுக்கலாம்?"னாங்க. எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு தன் சாதத்துல பாதியை அவ தட்டுல வெச்சாரு. அவ கத்தினா, ஸ்பூனைத் தூக்கி எறிஞ்சா. அந்தம்மா பதறவே இல்ல. ரெண்டு பேரும் அவளுக்கு ரெண்டு பக்கமும் உக்காருங்கன்னு சொல்லிட்டு, எங்களை விட்டே பேச வெச்சாங்க. போகும்போது அவ ஒரு வாய் சாப்பிட்டா. வேணும்னு நெனச்சதுக்கு மேல ஒரே ஒரு வாய். எங்களால முடியும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

ஒவ்வொரு தடவையும் முதல்ல அவளைத் தனியா எடை பார்ப்பாங்க, அப்புறம் எங்க எல்லாருக்கும் அந்தக் கோட்டைக் காட்டுவாங்க. இறங்கியிருந்தா இந்த வாரம் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அங்கேயே பேசுவோம். யாரையும் குத்தம் சொன்னதில்ல. மாமியாரையும் ஒருநாள் வரச் சொல்லி, விரதத்தைக் கொஞ்ச நாள் சாமிகிட்ட கடன் சொல்லிக்கலாம்னு பேசி வெச்சாங்க. மாமியார் அதுக்கப்புறம் அவகூட உக்காந்துதான் சாப்பிட்டாங்க.

இப்ப அவ காலேஜ் ரெண்டாவது வருஷம். எடை பார்க்கிறது குழந்தையைப் புள்ளி ஆக்கிரும்னு ஐயா ஒருத்தர் எழுதியிருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க. எடை பார்க்காத நாலு பேர்கிட்ட என் பொண்ணு கரைஞ்சுக்கிட்டே போனா.

---

கல்மண்டபம் | புதன், இரவு 10:02

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். "அம்மாவின் கண்டிப்புதான் காரணம்" என்ற வாக்கியத்தை என் இளவயதில் நானும் வேறு பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெற்றோர் இதைப் படிக்கப் போவதில்லை. உங்களிடமாவது மன்னிப்புக் கேட்கிறேன்.

---

நெய்தல் | வியாழன், காலை 3:10 (லண்டன் நேரம் புதன் இரவு)

யாழ்ப்பாணம் சொந்த இடம். இப்ப லண்டனில உணவுக் கோளாறுப் பிரிவு ஒண்டில உதவி உளவியலாளரா வேலை செய்யிறன்.

வைகைக்கரை அக்கா சொன்னது குடும்பம் சார்ந்த சிகிச்சை. இங்க மோட்ஸ்லி மருத்துவமனையிலதான் அது துவங்கினது. 1987இல முதல் ஆய்வு வந்தது. நோய் வந்து மூண்டு வருசத்துக்கு உள்ள, 19 வயசுக்கு முன்னம் நோய் துவங்கின பிள்ளையளுக்குக் குடும்பத்தோட செய்யிறது கூடப் பலன் தருதெண்டு காட்டினது. பிறகு ஸ்டான்ஃபோர்டிலயும் சிகாகோவிலயும் 121 பிள்ளையளோட செய்த ஆய்வு 2010இல வந்தது. சிகிச்சை முடிஞ்சு ஒரு வருசத்தில, குடும்பத்தோட செய்தவையில 49 வீதம் முழுக்கச் சுகம், தனியாப் பேசின தெரபியில 23 வீதம். நாலாவது செஷனுக்குள்ள ரெண்டு கிலோ அளவில ஏறினால் நல்ல அறிகுறி. எடையே பாக்காட்டி அந்த அறிகுறி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

கனடாவில ஒன்டாறியோ மாகாணத்தில தெரபிஸ்ட்டுகளைப் பேட்டி கண்டு செய்த ஆய்வொண்டு இருக்கு. இந்தச் சிகிச்சை நல்லதெண்டு அவையளுக்குத் தெரியும். ஆனால் எடை பாக்கிறதும் குடும்பத்தோட சாப்பிடுற செஷனும் எண்டால் தயக்கம். அக்காவின்ர மகளுக்கு எந்த ரெண்டு விசயம் கதையை மாத்தினதோ, அதே ரெண்டு.

பயிற்சி பற்றி என்ர அனுபவம். எனக்கு இன்னும் முழுத் தகுதி இல்லை. ஆனா எடை குறைவா இல்லாத ஆக்களுக்கு 10 செஷன் சிபிடி செய்யிறன். அந்தக் குறுகிய முறையும் கிளென் வாலர் குழு செய்ததுதான். முழுத் தகுதி இல்லாத உதவியாளர்களும் நெருங்கின மேற்பார்வையோட செய்தா நல்ல பலன் வருதெண்டு அவையள் காட்டியிருக்கினம். சூட்சுமம் மேற்பார்வையிலதான். ஒவ்வொரு கிழமையும் என்ர செஷன் ஒலிப்பதிவை மேற்பார்வையாளர் கேப்பா. முதல் மாசம் அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "எடை பாக்க முன்னம் நீ ஏன் ஏழு நிமிசம் காலநிலை பற்றிக் கதைச்சனி?" ஏழு நிமிசம் எண்டது எனக்கே தெரியாது.

---

நாவல்மரம் | வியாழன், காலை 11:45

எடை மெஷினின் மறுபக்கத்தில் நின்றவள் நான். அதையும் பேசிவிட்டுப் போங்கள்.

எனக்கு நோய் வந்தபோது என் உடம்பு பெரிய உடம்பு. வேகமாக மெலிந்தேன். அலுவலகத்தில் கைதட்டினார்கள், கல்யாண வீடுகளில் ரகசியம் கேட்டார்கள். மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போன அன்றும் என் எடை 'சாதாரண' வரம்புக்குள்தான் இருந்தது. வார்டில் எல்லோர் முன்னாலும் மெஷினில் ஏற்றி, எண்ணைச் சத்தமாகப் படித்து, "நல்லாத்தானே இருக்கே, இதுக்கா அட்மிஷன்?" என்று கேட்டார்கள். அதன்பின் ஒரு வருடம் நான் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. [ஒரு வரி நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்]

எடை குறைவாக இல்லாமலும் அனோரெக்ஸியாவின் மற்ற எல்லா அறிகுறியும் இருக்கலாம். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் ஊரில் எத்தனை டாக்டர்களுக்கு அது தெரியும்?

பிறகு எனக்குக் கிடைத்த தெரபிஸ்ட்டும் எடை பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, ஏன் பார்க்கிறோம் என்று முன்பே சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்து எண்ணைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் அதைப் பற்றி மட்டும் பேசுவோம். "நல்லது", "கெட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் மூன்று வாரம் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆறாவது வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு நானே போய் ஏறினேன். அதே மெஷின்தான். எனவே தாழைமடல், பார்ப்பதா வேண்டாமா என்று மட்டும் கேட்காதீர்கள், எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ளாமல் மேசைக்கு அடியிலிருந்து எடுக்காதீர்கள்.

---

இரவுப்பணி | வியாழன், பிற்பகல் 2:30

மனநல மருத்துவர். நேரமில்லை, சுருக்கமாக.

தாழைமடல், அந்தப் பெண்ணுக்குப் பொட்டாசியம் பார்த்தீர்களா? அடிக்கடி வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருப்பார். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் இல்லாமல் பதினான்கு வாரம் பேசிக்கொண்டிருந்தது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அனோரெக்ஸியாவில் இறப்பு விகிதம் சமவயதினரைப் போல ஐந்தாறு மடங்கு. அப்படி இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை. 2011இல் 36 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது. மிகவும் மெலிந்தவருக்குத் திடீரென நிறையச் சாப்பாடு கொடுத்தாலும் ஆபத்து, ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்துவிடும். வைகைக்கரை அம்மா செய்தது போல வீட்டில் செய்ய நினைப்பவர்கள் மருத்துவர் கண்காணிப்போடு மட்டும் செய்யுங்கள்.

இன்னொன்று, "மனசு சரியானால் தானாகச் சாப்பிடுவாள்" என்று சொல்பவர்களுக்கு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். போரால் பட்டினி கிடந்தவர்களை மீட்பது எப்படி என்று அறிய, அவர்கள் சம்மதத்தோடு. சில மாதத்தில் அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை மணிக்கணக்கில் துழாவினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள். அவர்களுக்கு ஏற்கனவே மனநோய் இல்லை, பசிதான் இருந்தது. பட்டினி கிடக்கும் மூளையோடு ஆழமான உரையாடல் நடத்த முடியாது. முதலில் சாப்பாடு.

---

தாழைமடல் | வியாழன், இரவு 8:15

இரவுப்பணி டாக்டர், நேற்றே பரிசோதனைக்கு அனுப்பினேன். பொட்டாசியம் கொஞ்சம் குறைவு. மருத்துவர் ஒருவர் இப்போது கூடப் பார்த்துக்கொள்கிறார். பதினான்கு வாரம் அதைக் கேட்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

என் படிப்பில் இது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இரண்டு வருட எம்.ஃபில்., அதில் உணவுக் கோளாறுக்கு ஒரே ஒரு வகுப்பு. நோய்க்குறிப் பட்டியலை எழுதிக்கொண்டோம். அப்படிப்பட்ட நோயாளி ஒருவரைக்கூட மேற்பார்வையோடு பார்த்ததில்லை. பிறகு நானாகக் காசு கட்டி இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் ஒன்று போனேன். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது.

---

ஆவணக்காரன் | வியாழன், இரவு 9:40

இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசுகின்றன. அறிவு கூடும், தன்னம்பிக்கை கூடும். அறைக்குள் செய்வது பெரிதாக மாறாது. பின்தொடர்ந்து யாராவது கேட்டு, திருத்தி, திரும்பச் செய்ய வைத்தால்தான் மாறும். 2010இல் வந்த இரண்டு பெரிய மறுஆய்வுகளும் அதைத்தான் கூறின.

அமெரிக்காவில் 24 கல்லூரிகளின் ஆலோசனை மையங்களில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. மனச்சோர்வுக்கும் உணவுக் கோளாறுக்கும் பயன்படும் உறவுசார் தெரபியைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பாதி மையங்களில் வெளியிலிருந்து நிபுணர் வந்து ஒர்க்‌ஷாப் எடுத்தார். மறுபாதியில், அந்த மையத்திலேயே வேலை செய்யும் ஒருவரைப் பயிற்சியாளராக வளர்த்தார்கள். அவர் கூடவே இருந்து சக ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டிலும் முன்னேற்றம் இருந்தது. உள்ளேயே ஆள் வளர்த்த மையங்களில் தெரபிஸ்ட்டுகள் முறையை இன்னும் திறமையாகச் செய்தார்கள். நம் ஊரில் நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். இந்த வழிதான் நமக்குக் கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம்.

---

கல்மண்டபம் | வெள்ளி, காலை 7:30

பயிற்சி என்றால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நம் மொழியில் இந்த நோய் எப்படிப் பேசுகிறது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

புலிமியா உள்ளவர் டாக்டரிடம் "வாந்தி வருது" என்பார். "வாந்தி எடுக்கிறேன்" என்று சொல்வது அபூர்வம், "வர வைக்கிறேன்" என்று சொல்லவே மாட்டார். 'வருது' என்றால் அது தானாக நடப்பது, அவர் செய்வதில்லை. நம் வினைச்சொல்லே மறைவிடம் கொடுத்துவிடுகிறது. டாக்டரும் அதைக் கேட்டுக்கொண்டு வயிற்றுக்கு மாத்திரை எழுதுகிறார், எண்டோஸ்கோப்பி செய்கிறார். என்னிடம் வந்த ஒரு பெண் அப்படி மூன்று வருடம் அலைந்திருந்தார். நான் இப்போதெல்லாம் குரலை மாற்றாமல் கேட்பேன்: "தானா வருதா, நீங்க எடுக்கிறீங்களா? ரெண்டுமே நான் நிறையப் பேர்கிட்ட கேட்டிருக்கேன்." பாதிப் பேர் அந்த நிமிடமே சொல்லிவிடுவார்கள்.

'தின்று தீர்ப்பது' என்பதும் அப்படித்தான். ஒருவர் நான்கு முறுக்கைச் சொல்வார், ஒருவர் ஒரு குக்கர் சாதத்தைச் சொல்வார். அளவையும் கேட்க வேண்டும், நிறுத்த முடியாமல் போனதா என்றும் கேட்க வேண்டும். இரண்டு கேள்வி, இரண்டு தனித் தகவல்.

எடை விஷயத்தில் என் நிலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். நாவல்மரம் எழுதியதும் அந்த அம்மா எழுதியதும்தான் காரணம். பயம் உள்ளவரிடம், சொல்லிக்கொடுத்தபடி, கதவைச் சாத்திக்கொண்டு செய்வதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அவர் அழுதால் அந்த அழுகையோடு உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும், அதைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அதைக் கற்றுக்கொடுக்க என்னால் முடியும்.

---

நெய்தல் | வெள்ளி, மாலை 6:00

அப்ப சேர்ந்து செய்வமே? கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் இணையத்தில. நோயாளியின்ர எழுத்துமூலச் சம்மதத்தோட ஆராவது ஒராள் தன்ர செஷனின்ர பத்து நிமிச ஒலிப்பதிவைப் போட வேணும், பெயர் வரும் இடங்களை வெட்டிப்போட்டு. மற்ற ஆக்கள் கேக்க வேணும். கல்மண்டபம் ஐயா, இரவுப்பணி டொக்டர், நீங்கள் ரெண்டு பேரும் இருந்தா எங்களுக்குப் பலம். உணவுப் பதிவேட்டைத் தமிழில எழுதுவம். 'ஸ்நாக்ஸ்' எண்டு போட்டா என்ர அம்மம்மா வயசு ஆக்களுக்கு விளங்காது, நான் 'தேத்தண்ணி நேரம்' எண்டு போடுறன்.

---

வைகைக்கரை | வெள்ளி, மாலை 6:25

எங்க பக்கம் அதைப் 'பலகாரம்'னு போடுங்க. அந்தத் தாள்ல 'எங்கே சாப்பிட்டேன், யார் கூட'ன்னு ஒரு கட்டம் கட்டாயம் இருக்கணும். என் பொண்ணு தனியா சாப்பிட்ட நாள்லதான் எல்லாம் தப்பாச்சு.

---

தாழைமடல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:10

தாமதத்துக்கு மன்னியுங்கள்.

முதல் வாரம், ஏன் எடை பார்க்கப் போகிறோம் என்று விளக்க மட்டும் செய்தேன். பதினான்கு வாரம் இதைச் செய்யாமல் விட்டது என் தவறு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கும் பயமா இருந்துச்சா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டாவது வாரம் மெஷினில் ஏறினார். ஏறுவதற்கு முன் அவர் சொன்ன ஊகத்துக்கும் எண்ணுக்கும் வெகுதூரம். இறங்கிவிட்டு அழுதார். கல்மண்டபம் சார், நான் வாயைத் திறக்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் வர மாட்டார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் முன்னாலேயே வந்து வெளியே நாற்காலியில் காத்திருந்தார், கையில் பதிவேட்டுத் தாளோடு. ஏழில் ஐந்து நாள் காலை டிபன் எழுதியிருக்கிறார். வாந்தி நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. பொட்டாசியம் சரியாகிவிட்டது.

அவர் சம்மதத்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை குழுவுக்கு மூன்றாவது வார ஒலிப்பதிவை அனுப்புகிறேன். எடை பார்த்து முடித்த உடனே அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் அவசரமாகப் பதிவேட்டைக் கையில் எடுத்துவிட்டேன் என்று சந்தேகமாக இருக்கிறது. நெய்தல், பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து கேளுங்கள்.